செனிசே மிளகாய் காரமானதும் அல்ல, குடைமிளகாயும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சென்ற வாரச் சமையல் பக்கத்தில், தென்னித்தாலியின் பசிலிக்காத்தா மாநிலத்துப் பாஸ்தா ஒன்றின் செய்முறை வெளியாகியிருந்தது. ஊர்ப்பெயரும் படமும் சரியாகவே இருந்தன. ஆனால் அந்தப் பாஸ்தாவின் உயிரான 'பெப்பெரோனே குருஸ்கோ', அதாவது பொரித்த செனிசே மிளகாய் வற்றல், என்பதற்கு 'இத்தாலியின் காரசாரமான வற்றல் மிளகாய்' என்று விளக்கம் எழுதி, அது கிடைக்காதவர்கள் சிவப்புக் குடைமிளகாயைக் கீற்றுகளாக நறுக்கி இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பொரித்துக்கொள்ளலாம் என்ற யோசனையையும் சேர்த்திருந்தார்கள். விளக்கமும் தவறு, யோசனையும் தவறு. அதே மாநிலத்தின் மாத்தேரா நகரத்து உணவகம் ஒன்றின் சமையற்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்து, அந்த மிளகாயை அன்றாடம் துணியால் துடைத்து, விதை தட்டி, எண்ணெயில் பொரித்தெடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நானாக வம்புக்கு வரவில்லை. என் தங்கை தங்கள் குறிப்பை நம்பி நான்கு குடைமிளகாய் வாங்கி நறுக்கி மொட்டைமாடியில் காயப்போட்டாள். இரண்டாம் நாள் மாலை அவை ஓரத்தில் சுருங்கி நடுவில் கொழகொழவென்று இருந்தன. அவற்றைப் பொரித்தபோது எண்ணெயெல்லாம் தெறித்தது. தட்டில் வந்தவை ரப்பர் துண்டுகளைப் போல இழுபட்டன. 'ஒன்பது வருஷம் இதையா அண்ணா அங்கே பொரித்துக்கொண்டிருந்தாய்' என்று அவள் கேட்ட பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

தவறு எங்கே தொடங்கியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. தமிழில் மிளகாய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாக்கு காரத்துக்குத் தயாராகிவிடுகிறது. இத்தாலியர்கள் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். காரமில்லாத பெரிய காய்க்கு 'பெப்பெரோனே', காரமான சிறிய காய்க்கு 'பெப்பெரோன்சீனோ'. அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த இந்தப் புதிய காய்க்குப் பெயர் வைக்க நாம் மிளகையும் காயையும் சேர்த்ததுபோலவே, அவர்களும் மிளகைக் குறிக்கும் 'பெப்பே' என்ற தங்கள் சொல்லையே நீட்டிப் 'பெரிய மிளகு' என்றார்கள். இரு நாட்டாருக்கும் முன்பே நன்கு பழகிய உறைப்பு மிளகு என்பதால் இந்த ஒற்றுமை. ஆனால் அங்கே பெயரில் மட்டும் மிளகு தங்கியது, காயில் காரம் தங்கவில்லை. உணவுப்பட்டியலில் பெப்பெரோனேயின் பன்மையாகப் 'பெப்பெரோனி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அமெரிக்கப் பயணிகள் மாமிசத் துண்டுகள் போட்ட பீட்சா வரும் என்று காத்திருக்க, வெறும் மிளகாய் போட்ட பீட்சா வந்து அவர்கள் முகம் வாடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பெயரை நம்பி ஏமாறுவது நம்மோடு நிற்பதில்லை.

இனி மிளகாய்க்கு வருகிறேன். இதன் முழுப்பெயர் செனிசே மிளகாய். பசிலிக்காத்தாவின் தெற்கே, பொதென்சா மாவட்டத்தில், சின்னி ஆற்றை ஒட்டி உள்ள மலையூர் செனிசே. அந்த ஊரும், சின்னி, அக்ரி ஆகிய இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் உள்ள துர்சி, வல்சின்னி, சான்ட் ஆர்காஞ்சலோ முதலிய ஊர்களும்தான் இதன் நிலம். தாவரவியல் கணக்கில் நம் வற்றல் மிளகாயும் குடைமிளகாயும் இதுவும் ஒரே இனம்தான். நேபிள்ஸ் அரசு ஸ்பானியர் ஆட்சியில் இருந்த 16-ஆம் நூற்றாண்டில் இந்தச் செடி தென்னித்தாலிக்குள் வந்தது என்பார்கள். அதே நூற்றாண்டில்தான் போர்த்துகீசியர் வழியாக அது நம் கரைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இந்தக் காயின் சிறப்பு அதன் சுவையைவிட உடலமைப்பில்தான் முதலில் தெரியும். குடைமிளகாயின் சுவர் தடித்து, நீரால் நிறைந்திருக்கும். அதை நறுக்கினால் நீர் சொட்டும். செனிசே மிளகாயின் சதையோ மெல்லியது, நீர் மிகக் குறைவு; வெயிலும் காற்றும் பட்டால் அழுகுவதற்கு முன்பே உலர்ந்துவிடும். வடிவத்தில் மூன்று வகை உண்டு: கூர்முனை, மழுங்கிய முனை, கொக்கிபோல் வளைந்த முனை. பச்சையாக இருக்கும்போதும் பறித்து உண்பார்கள் என்றாலும், உலர்த்துவதற்கு அடர்சிவப்பாகப் பழுத்தவற்றையே எடுப்பார்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று காம்பு. மற்ற பல வகைகளில் காய் உலர்ந்ததும் காம்பு கழன்று விழுந்துவிடும்; செனிசே மிளகாயில் எத்தனை நாள் உலர்ந்தாலும் காம்பு காயை விடாது. இந்த ஒரு குணத்தின் மீதுதான் அந்த ஊரின் வழக்கம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஏனென்றால் அவர்கள் மிளகாயை நம்மைப்போலக் களத்தில் பரப்பிக் காயவைப்பதில்லை, மாலையாகக் கோத்துத் தொங்கவிடுகிறார்கள்.

அந்த மாலைக்கு 'செர்த்தா' என்று பெயர். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அறுவடை தொடங்கும். பழுத்தவற்றை மட்டும் கையால் பறித்து, முதலில் சில நாள் நிழலில், காற்றாடும் இடத்தில் பரப்பி வைப்பார்கள். பிறகு ஊசியும் நூலும் கொண்டு கோப்பார்கள். ஊசி காயின் சதையைத் தொடக்கூடாது, காம்பின் அடியில் மட்டுமே நுழைய வேண்டும். சதையில் துளை விழுந்தால் அந்த இடத்தில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். அடுத்தடுத்த காய்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் திருகுபோலச் சுற்றி வருமாறு கோத்தால்தான் எல்லாக் காய்க்கும் காற்றுப் படும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள இந்தச் செர்த்தாக்கள் வீட்டு முகப்பிலும் மாடிக் கைப்பிடியிலும் தொங்க, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அந்தத் தெருக்களில் வெள்ளைச் சுவர் கண்ணுக்குத் தெரியாது. செனிசேயின் வீடொன்றில் ஒரு மூதாட்டி கோப்பதை நான் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். நம் ஊரில் கோயில் வாசலில் பூக் கட்டுபவர்களின் விரல்களைப் பார்ப்பதுபோலவே இருந்தது. அவர் என்னிடம் ஊசியைக் கொடுத்தார். நான் கோத்த ஏழு காய்களில் மூன்றைச் சிரிக்காமல் உருவிவிட்டு மறுபடி கோத்தார்.

விதையை அங்குள்ள குடியானவர்கள் பெரும்பாலும் தங்கள் தோட்டத்து நல்ல காயிலிருந்தே எடுத்து வைப்பார்கள். அதில் ஒரு கவனம் வேண்டும். காரத்தைத் தரும் கேப்சைசின், காய்க்குள் விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் உண்டாவது. அதை உண்டாக்கும் மரபணு செயலற்றுப்போன செடிகளின் காய்தான் காரமின்றி இருக்கும். பக்கத்தில் காரமிளகாய்ச் செடி இருந்து, தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்தால், அந்த ஆண்டுக் காயில் வேறுபாடு தெரியாது. ஆனால் அதன் விதையை அடுத்த ஆண்டு விதைத்தால் காரமான காய் காய்க்கும், ஏனெனில் கார மரபணுவே ஓங்கி நிற்பது. ஆகவே 'காரசாரமான' செனிசே மிளகாய் என்று ஒன்று எங்கேனும் விளைந்தால், அது விதைக்கலப்பால் வந்த பிழை. தங்கள் நாளிதழ் அந்தப் பிழையையே அதன் புகழாக அச்சிட்டுவிட்டது.

நிலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செனிசேக்குக் கீழே சின்னி ஆற்றின் குறுக்கே மோந்தே கொத்தூன்யோ என்ற அணை இருக்கிறது. 1970-களில் கட்டப்பட்ட அது ஐரோப்பாவின் மிகப் பெரிய மண் அணைகளுள் ஒன்று. அதன் நீர் பசிலிக்காத்தாவுக்கு மட்டுமன்றி அண்டை மாநிலமான புலியாவின் வயல்களுக்கும் குழாய்களுக்கும் போகிறது. ஆனால் அணையின் ஏரி விரிந்த இடம் பள்ளத்தாக்கின் வண்டல் நிலம், மிளகாய் நன்றாக விளைந்த தோட்டங்களும் அதில் அடக்கம். ஊர்ப் பெரியவர்கள் ஏரியின் நடுவைக் கைநீட்டிக் காட்டி, தங்கள் அப்பாவின் தோட்டம் அங்கே இருந்தது என்பார்கள். அணை கட்டி முழுகிய ஊர்களின் கதை நமக்கும் தெரிந்ததுதான் என்பதால் நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை. மிளகாய் மேட்டு நிலங்களில் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது.

'குருஸ்கோ' என்பது மிளகாயின் சாதிப்பெயர் அன்று. அந்த வட்டாரப் பேச்சில் அதற்கு 'மொறுமொறுப்பான' என்று பொருள். உலர்ந்த மிளகாயைப் பொரித்து நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்தால்தான் அது குருஸ்கோ. பொரிக்காதது வெறும் வற்றல். செனிசேக்காரர்கள் தங்களுக்குள் பேசும்போது இதை 'ஸஃபரான்' என்றே சொல்வார்கள், அதாவது குங்குமப்பூ. இடித்த தூள் குங்குமப்பூவின் நிறத்தில் இருப்பதாலும், அந்த ஏழை மலையூர்களில் குங்குமப்பூ யாருக்கும் கட்டுப்படியாகாததாலும் இந்தப் பெயர் ஒட்டியிருக்கலாம். தூளுக்குப் பெயர் 'ஸஃபரான் பிஸாத்', இடித்த குங்குமப்பூ. கல்லுரலில் இடித்த காலத்தின் பெயர், இயந்திரம் வந்த பின்னும் அப்படியே இருக்கிறது.

பொரிக்கும் முறையைத் தங்கள் குறிப்பு ஒரே வரியில், 'எண்ணெயில் நன்றாகப் பொரித்தெடுக்கவும்' என்று முடித்துவிட்டது. அந்த 'நன்றாக' என்ற சொல்தான் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு இந்த வேலையைத் தந்தபோது, மோர் மிளகாய் பொரித்துப் பழகிய கை என்ற தைரியத்தில் நான் ஒரு கூடை மிளகாயையும் அதே பதத்தில் பொரித்தேன். மோர் மிளகாய் கருஞ்சிவப்பாகிச் சற்றுக் கருக வேண்டும், அப்போதுதான் அதற்கு மணம். செனிசே மிளகாயோ நிறம் மாறத் தொடங்கினாலே கெட்டது. கருகினால் கசப்பைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. தலைமைச் சமையல்காரர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுக் கூடை முழுவதையும் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். அதன்பிறகு அவர் பக்கத்தில் நின்று கற்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வற்றலைக் கழுவவே கூடாது. ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். காம்பைக் கிள்ளி, காயைத் தட்டி, விதைகளை உதிர்த்துவிட வேண்டும், ஏனெனில் விதை முதலில் கருகும். காய் கையில் வளைந்துகொடுத்தால் அதில் ஈரம் இருக்கிறது. பொரித்தாலும் மொறுமொறுப்பு வராது. அத்தகையதைச் சற்று நேரம் மிதமான சூட்டில் அடுப்பிலோ வெயிலிலோ வைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். ஆலிவ் எண்ணெய் சூடாக வேண்டும், புகையக்கூடாது. காயைப் போட்டதும் அது பலூன்போல உப்பி, அடர்சிவப்பு சட்டென்று பிரகாசமாகும். ஒரு புறம் மூன்று அல்லது நான்கு நொடி, திருப்பிப் போட்டு அதே அளவு. அவ்வளவுதான், எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது அது இன்னும் மென்மையாகவே இருக்கும். அதைப் பார்த்து 'இன்னும் ஆகவில்லை' என்று மறுபடி எண்ணெயில் போடுவதே எல்லோரும் செய்யும் தவறு. மொறுமொறுப்பு எண்ணெயில் வருவதில்லை, ஆறும்போது வருகிறது. குளிர்காலத்தில் எங்கள் சமையற்கூடத்தின் பின்கதவைத் திறந்து தட்டை வெளியே பனிக்காற்றில் வைப்போம். இரண்டு நிமிடத்தில் கண்ணாடிபோல நொறுங்கும். சூடாக இருக்கும்போதே மேலே சிறிது உப்புத் தூவ வேண்டும். பொரித்த எண்ணெயைக் கொட்டிவிடக் கூடாது. நிறமும் மணமும் இறங்கிய அந்த எண்ணெய் பாதிச் சமையல்.

அந்த மிளகாயின் சுவையைச் சொல்லுமாறு நண்பர்கள் கேட்பார்கள். முதலில் ஓர் இனிப்பு, பிறகு வறுத்த கடலையின் நெடிபோல ஒன்று, இறுதியில் மெல்லிய கசப்பு. நாக்கு எரியாது. சின்னக் குழந்தைகள் அப்பளம் கடிப்பதுபோலக் கடித்துத் தின்பதை அங்கே எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

தங்கள் பக்கத்தில் வந்த பாஸ்தா, 'ஸ்த்ராஷினாத்தி' என்ற கையால் செய்யும் வகை. கடின கோதுமை ரவையைத் தண்ணீரில் பிசைந்து, சிறு துண்டுகளாக்கிப் பலகையில் விரல்களால் இழுத்துச் செய்வது. 'இழுத்தது' என்பதுதான் பெயரின் பொருளும். நான்கு பேருக்கு 320 கிராம் பாஸ்தா, எட்டு மிளகாய், பழைய ரொட்டியின் உட்பகுதி இரண்டு கைப்பிடி என்பது நாங்கள் கொள்ளும் அளவு. மிளகாயைப் பொரித்து எடுத்த அதே எண்ணெயில் உதிர்த்த ரொட்டித்தூளைப் பொன்னிறமாக வறுத்து, வெந்த பாஸ்தாவை அதில் புரட்டி, பரிமாறும் கணத்தில் மிளகாயைக் கையால் நொறுக்கி மேலே தூவ வேண்டும். முன்பே கலந்து வைத்தால் ஈரம் ஏறி மிளகாய் தோலாகிவிடும். மேலே துருவிய காச்சோரிக்கொத்தா பாலாடைக்கட்டி போடுவதும் உண்டு. முற்காலத்தில் பாலாடைக்கட்டி வாங்க முடியாதவர்கள் அதற்குப் பதிலாகத் தூவியதே வறுத்த ரொட்டித்தூள் என்று தென்னித்தாலி முழுவதும் சொல்வார்கள். இப்போது அதே தட்டுக்கு விடுதிகளில் கேட்கும் விலையைப் பார்த்தால் அந்த முன்னோர்கள் திகைத்துப்போவார்கள்.

என்னைக் கேட்டால், அந்த மிளகாய்க்கு முழு மரியாதை செய்யும் உணவு பாஸ்தா அன்று, 'பக்கலா' தான். வட அட்லாண்டிக் கடலில் பிடித்து உப்பில் புதைத்து உலர்த்திய காட் மீனுக்கு அங்கே பக்கலா என்று பெயர். நம் கருவாட்டுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம், நாற்றம் மட்டும் அவ்வளவு இல்லை. கடலிலிருந்து விலகிய மலையூர்களில் புதுமீன் கிடைப்பது அரிது. கத்தோலிக்கர்கள் மாமிசம் தவிர்க்கும் வெள்ளிக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவிலும் உப்பு மீனே கைகொடுத்தது. இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கி, வேகவைத்து, முள் நீக்கி இதழ் இதழாகப் பிரித்துத் தட்டில் பரப்புவார்கள். பிறகு பொரித்த மிளகாயை அதன் சிவந்த எண்ணெயோடு சூடாக மேலே ஊற்றுவார்கள். வெள்ளை மீனின் மீது அந்த எண்ணெய் ஓடும் அழகுக்காகவே நான் பரிமாறும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொள்வேன். உப்பு மீனின் மென்மைக்கு மிளகாயின் நொறுங்கல் துணை. இரண்டும் ஏழைகளின் சேமிப்புப் பொருள்கள். இரண்டும் உலர்ந்து காத்திருந்தவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டையோடு பொரித்து உண்பார்கள், உருளைக்கிழங்கோடு சேர்ப்பார்கள், பழைய ரொட்டியை நனைத்து வெங்காயமும் முட்டையும் சேர்க்கும் 'அக்குவாசாலே' கஞ்சியில் நொறுக்கிப் போடுவார்கள். தூளைப் பயறு வகைகளிலும், பன்றி இறைச்சித் தொத்திறைச்சியிலும் கலப்பார்கள். அண்மைக் காலத்தில் சாக்லேட்டில் தோய்த்தும் விற்கிறார்கள். அதை நான் ஒரு முறை சாப்பிட்டேன், இரண்டாம் முறை சாப்பிடவில்லை.

இந்த மிளகாய்க்கு 1996-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் குறியீடு கிடைத்தது. வரையறுத்த ஊர்களில் விளைந்து, விதிகளின்படி கையாளப்பட்டவை மட்டுமே நீலமும் மஞ்சளும் கலந்த அந்த முத்திரையோடு செனிசே என்ற பெயரில் விற்கப்படலாம். 'குருஸ்கோ' என்ற சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. வேறெங்கோ விளைந்த மிளகாயைப் பொரித்து அப்பெயரில் விற்பதைத் தடுக்க முடியாது என்பதால், வாங்குபவர்தான் முத்திரையைப் பார்க்க வேண்டும். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'முண்டு கிடைக்காவிட்டால் குடைமிளகாயை உலர்த்திப் போடுங்கள்' என்று ஓர் இத்தாலிய நாளிதழ் எழுதியிருந்தால் முதுகுளத்தூர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தங்கள் சமையல் பக்கத்தார் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

மாற்றுப்பொருள் சொல்வதே கூடாது என்பது என் கட்சி அன்று. வீட்டுச் சமையலில் கிடைத்ததைக் கொண்டு செய்வதுதான் நியாயம். ஆனால் இங்கே மாற்று இல்லை. நம் வற்றல் மிளகாயைப் பொரித்து நொறுக்கிப் போட்டால் பாஸ்தாவை உண்ண முடியாது. குடைமிளகாயைப் போட்டால் அது வேறோர் உணவு. இணைய வழியில் வரவழைக்க விருப்பமில்லாதவர்கள், மிளகாயை முழுவதுமாக விட்டுவிட்டு, நல்ல ஆலிவ் எண்ணெயில் ஒரு பல் பூண்டோடு வறுத்த ரொட்டித்தூளை மட்டும் போட்டுச் செய்யலாம். அதுவும் தென்னித்தாலியில் காலங்காலமாக உண்ணப்படும் உணவுதான். சென்ற புதன்கிழமை இரவு தங்கைக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன், மிச்சம் வைக்கவில்லை.

எனவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'காரசாரமான வற்றல் மிளகாய்' என்பதற்குப் பதிலாகச் 'செனிசே இனிப்பு மிளகாய் வற்றல்' என்று அச்சிடுங்கள். குடைமிளகாய் வரியை நீக்கிவிடுங்கள். 'நன்றாகப் பொரிக்கவும்' என்ற இடத்தில் 'ஒரு புறம் மூன்று நொடி' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.